எல்லா நட்டையும் கழற்றாதே, பாப்பா

பாப்பா,

"நல்லா இருக்கேன்ப்பா. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதீங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாய். சரி, கூப்பிடவில்லை. எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லையே! அதனால் எழுதுகிறேன். கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியான வெயிலில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஈ காக்கா இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று புழுதி கிளப்பிவிட்டுப் போனது, அவ்வளவுதான். ஊர் ஊராக டிஷ் மாட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு எழுத்து எங்கே பழக்கம்? வாயில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன். நடுவில் கோபம் வந்தால் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ மறைத்தாலும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன்னோடு வேலை பார்க்கிற அந்தப் பெண் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "அங்கிள், அவ ரூமை விட்டு வெளிய வர்றதே இல்ல. வேலைய விடறேன்னு மெயில் போட்டுட்டா. என்கிட்டயும் பேச மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா" என்றாள். நான் சொன்னால் நீ எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறாய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, பாவம். நடந்தது என்ன என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த அந்தச் சின்னச் செயற்கைக்கோள் ராக்கெட்டை விட்டு நல்லபடியாகத்தான் பிரிந்ததாம். பிரிந்த வேகத்தில் உருண்டுகொண்டே போகுமாம். அதை நிறுத்தத்தான் உள்ளே காந்தச் சுருள்கள். பூமியின் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பிரேக் போடுவதுதான் அவற்றின் வேலை. அந்தக் காந்தத்தை அளக்கிற கருவியைக் கடைசி நேரத்தில் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி புரோகிராமில் கூட்டலைக் கழித்தலாக மாற்ற வேண்டியது உன் பொறுப்பு. நீ மாற்றவில்லை. பிரேக் போட வேண்டிய சுருள் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டது. சுற்றல் நிற்பதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போய், சுருள்களே பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டன. இப்போது அது எவ்வளவு கூப்பிட்டாலும் பேசுவதில்லை.

அது விண்ணில் ஏறிய அன்று நான் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஜிலேபி கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது பேச்சை நிறுத்தியதோடு நீயும் நிறுத்திவிட்டாயே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உன் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். இன்னொன்றைக் கொடுக்க என்னிடம் தெம்பு இல்லை.

மலையில் டிவிப் படம் போன கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை கேள். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில், கல்வராயன் மலையிலிருந்து போன் மேல் போன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வீட்டுக்கு வீடு நான்தான் டிஷ் மாட்டியிருந்தேன். ஒரு வீட்டிலும் படம் இல்லை என்றார்கள். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மொபெட்டில் பின்னால் ஏறினாள், மடியில் ஒயர் சுருளோடு. என்னிடம் சிக்னல் மீட்டர் இருந்தாலும் எனக்கு மீட்டர் அவள்தான். நான் கூரைமேல் நின்று டிஷ்ஷைத் திருப்ப, அவள் டிவி முன்னால் நின்று கத்துவாள். தியாகதுருகத்துக்காரி குரல், கோட்டை மலைமேல் நின்று கூப்பிட்டால் கடைத்தெருவில் கேட்கும். "வருதா?" என்பேன். "வர்ல, வர்ல... வந்துச்சு! வந்துச்சு! ஐயோ, போச்சு! பழியா அங்கியே நில்லுங்களேன்!" இதுதான் எங்கள் பிழைப்பு, இதுதான் எங்கள் சண்டை.

கோமுகி அணையைத் தாண்டி வளைவு வளைவாக ஏறிப் போய்ச் சேர்ந்தோம். முதல் வீட்டில் ஏறினேன், நட்டைத் தளர்த்தினேன், திருப்பினேன். வரவில்லை. அடுத்த வீடு. வரவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. எனக்கு மண்டை சூடாகிவிட்டது. காற்றைத் திட்டினேன், குரங்கைத் திட்டினேன், நட்டு விற்றவனைத் திட்டினேன். உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாங்க, எல்லா வூட்லயும் ஒரே நேரத்துல போயிருக்குது. எல்லா டிஷ்ஷும் ஒண்ணா கூடிப் பேசிக்கினா திரும்பிச்சு? கழட்டாதீங்க, கொஞ்சம் இருங்க."

"நீ வாய மூடிக்கினு உள்ள போயி நில்லுடி. மேல நிக்கறவன் நானா நீயா?"

நான்தான். அதனால் ஊரில் இருந்த அத்தனை டிஷ்ஷையும் கழற்றித் திருப்பினேன். பெரியவர் சடையன் வீட்டைத் தவிர. சடையன் கையில் சோற்றுத் தட்டோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏறாத சாமி. போன தபா ஏறி ஓட்ட ஒடச்சிட்டுப் போய்ட்ட. மழ பேஞ்சா நேரா சோத்துலதான் சொட்டுது. படமும் வாணாம் ஒண்ணும் வாணாம், நீ மலய வுட்டு எறங்குனா போதும்."

பொழுது சாய்கிற நேரத்தில் சடையன் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. படம் வந்துவிட்டது! ஊரிலேயே அந்த ஒரு வீட்டில் மட்டும். நான் தொட்ட எதிலும் வரவில்லை, எப்படி வரும்? ஊர் மொத்தமும் சடையன் வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு கூரையாக மறுபடி ஏறினேன். சடையன் உள்ளேயிருந்தபடியே, "சாமி, சத்தம் போடாம திருப்பு, படம் ஓடுதில்ல" என்றார். மலை இறங்கும்போது உன் அம்மா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அடிவாரம்வரை சிரித்தாள். வண்டி ஆடியது. இப்போது அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை ஊர் ஊராகக் கழற்றத் தயார், பாப்பா.

பொங்கல் லீவுக்கு நீ வந்தபோது இதை உன்னிடம் சொல்லிப் புலம்பினேன். நீயும் சிரித்தாய். அப்புறம்தான் சொன்னாய்: "அன்னிக்குத் திரும்புனது டிஷ் இல்லப்பா, மேல இருக்கற செயற்கைக்கோளு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மேலே ஆணி அடித்தாற்போல் தொங்குகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தென்கிழக்கே அண்ணாந்து பார்த்து எத்தனை டிஷ் மாட்டியிருப்பேன், அது எப்படி அங்கே நிற்கிறது என்று ஒரு நாள் யோசித்ததில்லை. நீ உன் அம்மாவைப் பார்த்து, "கும்மியடிக்கும்போது எல்லாரும் நடுவப் பாத்துக்கினேதானம்மா சுத்துவீங்க? ஒரு சுத்து வந்து முடிச்சா ஒடம்பும் ஒரு தபா திரும்பியிருக்கும். அதும் அப்படித்தான். பூமியச் சுத்திக்கினே, மொகத்தப் பூமிப்பக்கமே வெச்சிக்கணும். தானா நிக்காது, பாத்துக்கினே இருக்கணும்" என்றாய். உன் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கும்மி தெரியாததால் கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கே தரை இல்லை, காற்று இல்லை, எதில் கை ஊன்றித் திரும்பும் என்று நான் கேட்டேன். நீ கடையிலிருந்த சுழல் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, உன் அம்மாவை உட்கார வைத்து, காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னாய். பழைய சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அவள் கையில் கொடுத்தாய். "இப்ப மெதுவா சாய்ம்மா" என்றாய். அவள் சாய்த்தாள், நாற்காலி அவளோடு திரும்பியது. "யம்மாடி! யாருடி என்னத் தள்றது?" என்று அலறினாளே! "யாரும் தள்ளலம்மா. நீயேதான்" என்று சொன்னாய். செயற்கைக்கோளுக்குள்ளும் இப்படிச் சக்கரங்கள் உண்டு, சக்கரத்தை ஒரு பக்கம் வேகமாக்கினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பும் என்றாய். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். நட்சத்திரங்களைப் படம் எடுத்து அடையாளம் பார்த்துக்கொள்ளும் என்றாய். "பகல்லகூடவா?" என்றாள். "அங்க வானம் எப்பவுமே கறுப்புதாம்மா" என்றாய். உன் அம்மா சக்கரத்தைக் கையால் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பாவம், ஒண்டியா இன்னா பண்ணும்?" என்றாள்.

அன்றைக்கு நீ சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்கவில்லை. மேலே இருப்பதை வெயில் இம்மியளவு தள்ளிக்கொண்டே இருக்குமாம். அதை உள்ளே இருக்கிற சக்கரம் வாங்கிக்கொள்ளுமாம். வெளியே பார்த்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும், உள்ளே சக்கரம் மட்டும் நாளுக்கு நாள் வேகமெடுக்கும். ஒரு அளவுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. அப்போது வெளியே இருக்கிற எதையாவது பிடித்துத்தான் அந்த வேகத்தை இறக்கிவைக்க வேண்டும். பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவது பூமியின் காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். தானாக, தனக்குள்ளேயே இறக்கிவைக்க வழியே இல்லை என்று அடித்துச் சொன்னாய்.

நீ வேலைக்குப் போனபின் ஒரு நாள், உன் அம்மா மார் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கருமாதி முடிந்த மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். "இருப்பீங்களாப்பா?" என்றாய். "எனக்கு இன்னா, நான் நல்லா இருப்பேன். நீ போயி வேலயப் பாரு" என்றேன். நீயும் "நானும் நல்லா இருப்பேன்" என்றாய். அன்றிலிருந்து போனில் இரண்டு பேரும் இந்த ஒரே வார்த்தையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். நான் சொல்வது பொய், பாப்பா. எனக்குத் தனியாக இருக்கிறது. ரொம்பத் தனியாக இருக்கிறது. ஒருவனுக்காக உலை வைக்கப் பிடிக்காமல் ஓட்டலில் இட்லி வாங்கி, அதையும் கடையிலேயே நின்றுகொண்டு தின்கிறேன். வீட்டுக்குப் போனால் சுவிட்சைப் போடும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. இதை உன்னிடம் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போதுதான் நீ வேலையை விட்டுவிட்டாயே, இனிமேல் சொல்வதற்கு என்ன?

நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய். அந்தச் சத்தமில்லாத நாட்களில்தான் அந்தக் கூட்டல் கழித்தல் தவறிப்போயிருக்கும். நான் உனக்காகச் சப்பைக்கட்டு கட்டவில்லை. தப்பு உன்னுடையதுதான். ஆனால் தப்பு ஒன்று. ஒரு குறி, ஒரு வரி. அதற்கு நீ என்ன செய்கிறாய்? வேலையைக் கழற்றிவிட்டாய். சிநேகிதியைக் கழற்றிவிட்டாய். சாப்பாடு, தூக்கம், போன், அப்பன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வருகிறாய். அன்றைக்கு மலையில் நான் செய்த அதே வேலை! நல்லபடியாக நின்றுகொண்டிருந்த டிஷ்ஷையெல்லாம் ஆத்திரத்தில் கழற்றினவன் நான். உன் அம்மா "கழட்டாதீங்க, கொஞ்சம் இருங்க" என்றாள், கேட்கவில்லை. அதையேதான் உனக்கும் சொல்கிறேன். என் பேச்சாகக் கேட்க வேண்டாம், அவள் பேச்சாகக் கேள்.

மேலே இருப்பதற்குக் குழப்பம் வந்தால் பூமியை விட்டுவிட்டு முகத்தை வெயில் பக்கம் திருப்பிக்கொள்ளும் என்றாயே. "மொதல்ல உசுரு பொழைக்கணும்ப்பா, பேச்செல்லாம் அப்பறம்" என்று சொன்னாய். நீயும் அப்படித் திரும்பி நிற்கிறாய் என்றால் எனக்குச் சம்மதம். என்னிடம் பேசாதே, பரவாயில்லை, நான் காத்திருப்பேன். ஆனால் ஜன்னலைக்கூடத் திறக்காமல் படுத்துக் கிடக்கிறாயாமே? அது வெயிலைப் பார்த்து நிற்பதா? எழுந்து ஜன்னலைத் திற. முகம் கழுவு. தோசையோ கீசையோ வாங்கித் தின்னு. உன்னைச் சுருட்டிக் கட்டி இழுத்து வர எனக்கு வயசில்லை, இருந்தால் இந்நேரம் வந்திருப்பேன்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். உன் மெயிலை உங்கள் மேலதிகாரி படித்தாராம், பதில் போடவில்லையாம், வேலையிலிருந்து உன் பெயரையும் எடுக்கவில்லையாம். செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும்போதெல்லாம் அவர்கள் இன்னமும் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம். பேட்டரி செத்ததால் சுருளும் நின்றுவிட்டது, இனிச் சுற்றல் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், என்றைக்காவது வெயில் சரியாக விழுந்து பேட்டரி ஏறினால் அது கண் விழிக்கலாம் என்றாள். விழிக்காமலும் போகலாம் என்றும் சொன்னாள், ஆசை காட்டவில்லை. "முழிச்சா உடனே அந்தக் குறிய மாத்தச் சொல்லணும் அங்கிள், இல்லாட்டி மறுபடி சுத்த ஆரம்பிச்சிடும். அதோட பேசத் தெரிஞ்சவ அவதான்" என்றாள். அவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அண்ணாந்து பார்க்கிறேன். ரோட்டில் போகிறவர்கள் மழை வருமா என்று கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. போன வாரம் அடித்த காற்றில் நம் வீட்டு மொட்டை மாடி டிஷ் திரும்பிவிட்டது. இது காற்று செய்த வேலைதான், என் கண்ணாலேயே பார்த்தேன், அதனால் ஏறினேன். நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கிழக்கே தள்ளி, பழக்கதோஷத்தில் "வருதா?" என்று கத்தினேன். கத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், பாப்பா. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "யார கேக்கறீங்க?" என்றது. "யாரையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மீட்டர் கடையிலேயே இருக்கிறது. எடுத்துப் போனால் அஞ்சு நிமிஷ வேலை. எனக்குக் கை வரவில்லை. டிவி அப்படியே கிடக்கிறது.

நீ ஒரு நாள் வா. வேலையில் மறுபடி சேர்ந்துவிட்டு வா, சேராமல் வா, அதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். நான் மேலே ஏறுகிறேன், நீ உள்ளே டிவி முன்னால் போய் நில். நான் "வருதா?" என்று கேட்பேன். நீ "வர்லப்பா" என்று கத்தினாலும் போதும்.